உன் தம்பிக்குக் கொடுத்த பவர்

மரியாதைக்குரிய வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் மகளும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் கோபத்திலும் நினைக்கிறேன்.

மேலே எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. நேற்றிலிருந்து உன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் என்றால் நான் சத்தம் போடுவேன், நீ "வார்டுல கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

வக்கீல் அலுவலகத்துக்குப் போய்வந்த கதையை உன் தம்பி இதற்குள் சொல்லியிருப்பான். இருந்தாலும் என் பக்கத்தையும் கேள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போக வேண்டிய அறை. நீ போன முறை அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். டிரைவிங் ஸ்கூலில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி போனேன். வக்கீல் அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, "முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். அப்பா இருக்கும்போதே இடத்தை இரண்டாகப் பிரித்து, தெருவைப் பார்த்த முன்பக்கத்தை அண்ணனுக்கும் பின்பக்கத்தை எனக்கும் கொடுத்ததைச் சொன்னேன். வீடு கட்டும்போது வங்கிக்காரர்கள் உன் சம்பளத்தைத்தான் மதித்தார்கள் என்பதால் பின்பக்கத்தை உன் பெயருக்கு மாற்றியதைச் சொன்னேன். அண்ணன் வீட்டுச் சுவரை ஒட்டிப் போகும் சந்துதான் நமக்குத் தெருவுக்கு வழி என்பதையும், அண்ணன் தன் ஹார்டுவேர் கடைக்கு வரும் குழாய்களையும் தொட்டிகளையும் அதில் அடுக்கித் தெருப்பக்கம் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டதையும் சொன்னேன். இப்போது நானும் மகளும் பின்னால் வெல்டிங் பட்டறைச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே, ஒரு பலகைமேல் கால் வைத்து வெளியே போய்வருகிறோம் என்பதையும் சொன்னேன்.

"ஸ்கூட்டர்?" என்று கேட்டார். அடுத்த தெருவில் தெரிந்தவர் வாசலில் நிறுத்துகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது. "இது நிக்கற கேஸ்தாங்க. வழி இல்லாத வீடு வீடே இல்ல" என்றார். எனக்குக் காது குளிர்ந்தது.

அப்புறம்தான் கேட்டார். வீடு உங்கள் மனைவி பேரில் இருக்கிறது, அவர் வெளிநாட்டில் இருக்கிறார், அவருக்காக யார் கையெழுத்துப் போடுவது, யாருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அனுப்பச் சொல்றேன்" என்று ஆரம்பிப்பதற்குள், பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்த உன் தம்பி தன் பையைத் திறந்தான். முத்திரை, கையெழுத்து, உன் போட்டோ எல்லாம் ஒட்டிய பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். "அக்கா அனுப்பிட்டா மேடம்" என்றான்.

வக்கீல் அம்மா சத்தமாகவே படித்தார். உன் உடன்பிறந்த தம்பியாகிய இவர், உன் சார்பில் வழக்குப் போடலாம், கையெழுத்துப் போடலாம், சமரசம் பேசலாம், நீயே நேரில் வந்து செய்த மாதிரி எல்லாம் செய்யலாம். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டு போய் வைப்பது? முன்னால் இழுத்த நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூட எனக்குக் கை வரவில்லை.

அந்த ஊரில் ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்டு, கவரில் போட்டு அனுப்பியிருக்கிறாய். அத்தனை வேலைக்கு நடுவில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகினால் எனக்குத்தான் தெரிய வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் என்றால் நான்தான் ஓட வேண்டும். வீட்டுக்காக நிற்க மட்டும் உன் தம்பி வேண்டியிருக்கிறது. அவன் பர்னிச்சர் கடையில் நாற்காலி விற்கிறவன். நான் எத்தனையோ பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன். என்னை நம்பித் தெரியாதவர்கள் உயிரையே கொடுக்கிறார்கள். நீ ஒரு கையெழுத்தைக் கொடுக்கவில்லை.

மகள் நன்றாகப் படிக்கிறாள். நேற்று அவள் செருப்பு ஒன்று சாக்கடையோடு போய்விட்டது. புதிது வாங்கியாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் கணவன்


அன்புள்ள உனக்கு,

நலம், நலமறிய ஆவல். என் கடிதம் கிடைத்ததும் நீ போனில் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். நம்புங்களேன்." உன் ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது நோயாளிகளிடம் இப்படித்தான் சொல்வாய் என்று நினைக்கிறேன். அவர்களும் என்னைப் போலத்தான் வாயை மூடிக்கொள்வார்கள்.

வழக்குப் பதிவாகிவிட்டது. வாய்தா வாங்கிவாங்கியே நாட்கள் போகின்றன. நீதிமன்றம் எப்படி இருக்கும் என்று மகள் கேட்டாள். பஸ் ஸ்டாண்டு மாதிரிதான், பஸ்தான் வராது என்று சொன்னேன். காலையிலிருந்து நீள பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே ஒரு மின்விசிறி, ஒரு பக்கம் சாய்ந்து சுற்றுகிறது. ஒவ்வொருவரும் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பிடித்திருப்பது மாதிரி அதைப் பிடித்திருக்கிறார்கள். முன் வரிசையில் அண்ணன். நான் பின் வரிசையில். அவர் தலைக்குப் பின்னால் முடி நன்றாகக் கொட்டிவிட்டது. இத்தனை நாள் ஒரே வாசலில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. முதல் நாள் டவாலி போட்ட சேவகர் வாசலில் நின்று உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். இந்த ஊரில் உன் பெயரை யாரோ உரக்கக் கூப்பிட்டுக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அதற்குள் உன் தம்பி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நிற்கிறான். நடுவழியில் நின்ற என்னைக் குமாஸ்தா மறித்தார். நீங்கள் யார் என்றார். "வீட்டுக்காரர்" என்றேன். "ஓனரா?" என்றார். "இல்ல, ஓனரோட வீட்டுக்காரர்" என்றேன். பக்கத்தில் இரண்டு வக்கீல்கள் சிரித்தார்கள். பவர் உங்கள் பேரிலா என்றார். இல்லை என்றேன். "அப்ப உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன்.

உன் பெயரைக் கூப்பிட்டால் அவன் எழுந்து போகிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேறு எதைக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை.

அவன் நன்றாகத்தான் பேசுகிறான், இல்லை என்று சொல்லவில்லை. சோபா விற்ற வாய். "ஐயா, எங்க தரப்புல" என்று அவன் ஆரம்பிப்பதைக் கேட்டால், ஏதோ பரம்பரையாக அந்தச் சந்தில் நடந்து தேய்ந்த கால் மாதிரி இருக்கிறது. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் நம் வீட்டில்தான் தங்குகிறான். பலகைமேல் நடந்துவந்து கால் கழுவியதும் நேராக என் நாற்காலியில் உட்காருகிறான். மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். "மாமா கோர்ட்டுல சூப்பரா பேசினாராமேப்பா" என்று அவள் என்னிடமே சொல்கிறாள். யார் சொன்னது என்று கேட்டால் "அம்மா" என்கிறாள். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து உன்னோடு பேசும்போது நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு டவலை எத்தனை முறைதான் மடிப்பது? அவனிடம் மட்டும் வார்டில் உன்னை யாரும் கூப்பிடுவதில்லை போலிருக்கிறது.

போன வாரம் நீதிமன்றத்திலிருந்து ஒரு கமிஷனர் வந்து இடத்தை அளந்தார். இளவயது வக்கீல்தான், குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை யார் பிடித்திருப்பார்கள் என்று நீயே சொல். நான் குழாய்க் குவியலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, கமிஷனருக்கு நாற்காலி போட்டார். உன் தம்பி நின்ற பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் கடந்து போகும்போது மட்டும் மெதுவாக, "சாப்பிட்டியாடா?" என்றார். என் வாயும் சும்மா இருக்கவில்லை, "ஆச்சுண்ணா" என்றது. உன் தம்பி டேப்பைப் பிடித்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உனக்கு உடனே செய்தி வந்திருக்கும்.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். வக்கீல் அம்மா நேற்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பவர் வைத்திருப்பவர் உனக்காகக் கையெழுத்துப் போடலாம், ஆனால் தனக்கு நேரில் தெரிந்ததை மட்டும்தான் சாட்சியாகச் சொல்லலாமாம். அந்தச் சந்தில் இத்தனை காலமாக நடந்தது யார்? உன் தம்பிக்கு நம் கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தச் சந்தே தெரியும். "இவரு பேசினா பத்தாது. நீங்கதான் கூண்டுல ஏறணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உன் தம்பி முகத்தில் ஈயாடவில்லை. மாமா வேண்டாமே, வேறு வழி இருக்கிறதா பாருங்கள் என்று இழுத்தான். பார்த்தாயா? தன் நாற்காலியில் வேறு ஒருவன் உட்காருவது என்றால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியட்டும்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

நீ போனில் ஏன் அழுதாய் என்று புரியவில்லை. உன் தம்பிக்கு வேலை குறைந்தது என்றா? மகள் உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
சாட்சி சொல்லப் போகிற உன் கணவன்


என் அன்பானவளுக்கு,

நடந்ததை உன் தம்பி முழுதாகச் சொல்லியிருக்க மாட்டான். என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பாதியை விழுங்கியிருப்பான். அதனால் நானே எழுதுகிறேன்.

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தேன். காரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்ட ஓட்ட எனக்குள் பேசிக்கொண்டே வந்தேன். "ஆமாங்க ஐயா, அந்த வழியைத் தடுத்தது என் அண்ணன்தான்." ஓர் ஆசிரியை அம்மாள், நான் முணுமுணுத்ததைத் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, வண்டியைக் கொண்டுபோய் நடைபாதையில் ஏற்றிவிட்டார். என் பக்கத்துப் பிரேக்கை மிதித்ததால் ஒன்றும் ஆகவில்லை. உன் தம்பியைவிட நன்றாகப் பேச வேண்டும், நீ அதைக் கேள்விப்பட வேண்டும். அந்த ஒரே நினைப்புத்தான் எனக்கு. வீடு, வழி, மகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கூண்டில் ஏறினேன். உண்மையைச் சொல்வதாக உறுதி சொன்னேன். நம் வக்கீல் அம்மா, அந்தச் சந்தை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். நடக்கத் தெரிந்ததிலிருந்து என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நன்றாகப் பேச வேண்டுமே! அந்தச் சந்தில்தான் சைக்கிள் கற்றுக்கொண்டேன் என்றேன். யார் கற்றுக்கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே "அண்ணன்தான் பின்னால சீட்டைப் பிடிச்சிக்கிட்டே ஓடி வருவாரு" என்று சொல்லிவிட்டேன். 

இப்போது அந்த வழி எப்படி இருக்கிறது என்றார் வக்கீல் அம்மா.

"பூட்டியிருக்குங்க."

யார் பூட்டினது என்றார். எதிரே அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். முழங்கால்மேல் கையை ஊன்றிக்கொண்டு, என்னைத்தான் பார்க்கிறார். ஒத்திகை பார்த்த வரி எல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"பூட்டு போட்டிருக்குங்க" என்றேன் மறுபடியும்.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பூட்டு இருப்பது தெரிகிறது, போட்டது யார் என்று அவரே கேட்டார். "சாவி யார்கிட்ட இருக்கோ அவங்கதாங்க" என்றேன். பின்னால் சிரிப்பு. சாவி யாரிடம் இருக்கிறது என்றார். நான் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடித்தேன். டம்ளர் காலியாகிவிட்டது, அதற்கு மேல் எவ்வளவு நேரம் குடிப்பது? நம் வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது அண்ணன் எழுந்தார். அவருடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"நான்தான்யா பூட்டினேன். சொல்லேன்டா! சந்துக்குத்தானே பூட்டுப் போட்டேன், உன் வாய்க்குமா போட்டேன்?"

கோர்ட்டே சிரித்தது. அண்ணனுடைய வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு இரண்டு வக்கீல்களையும் அழைத்து, இதைச் சமரசத்துக்கு அனுப்புகிறேன், இவர்களைப் பேசவிடுங்கள் என்றார். நான் இறங்கி வந்தேன். நம் பக்கத்துக்கு நான் சொல்ல வேண்டியதை எதிர்ப் பக்கம் சொல்லிவிட்டது. என் சாட்சியம் இதுதான்.

வெளியே தாழ்வாரத்தில் அண்ணன் வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். கூண்டில் ஏறும்போது மடங்கியிருந்ததாம்.  அப்படியே திரும்பி உன் தம்பியைப் பார்த்தார். அத்தனை கோபமும் அங்கே போய் விழுந்தது. "அக்கா சம்பாத்தியத்துல வக்கீல் வேஷமாடா போடறே? ஒண்ணா இருந்தவங்களைக் கொண்டுவந்து கோர்ட்டுல நிறுத்திட்டியே, இதுக்குன்னே பொறந்தியா?" என்று ஆரம்பித்து, நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகள் வரைக்கும் போனார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். உன் தம்பி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சரிங்க... சரிங்க..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றான். 

உன்னிடம் மறைக்க மாட்டேன். அவன் திட்டு வாங்கும்போது எனக்குள்ளே ஒரு குளிர்ச்சி இருந்தது. நன்றாக வேண்டும் என்று இருந்தது. உன் பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து போனானே, இதற்கும் போகட்டும் என்று நின்றேன்.

பிறகு டீக்கடையில் அவனே பேச ஆரம்பித்தான்.  நீ பவரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவனிடம் பேசியதை அப்போதுதான் சொன்னான். "அவரால அண்ணனுக்கு எதிரா ஒரு வார்த்தை பேச முடியாதுடா. பேசிட்டாலும் அப்புறம் மனசு ஒடிஞ்சு போயிடுவாரு. கேஸ் முடிஞ்சாலும் அவங்க ரெண்டு பேரும் ஒரே வாசல்லதான் இருக்கணும். நீ போய் நில்லு. என்ன திட்டினாலும் வாங்கிக்கோ. கெட்டவங்க நானும் நீயுமா இருந்துட்டுப் போவோம்" என்றாயாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினாயாம். சொன்னால் நான் வீம்புக்கென்று பவரை என் பேருக்கே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுவேன் என்றாயாம். போட்டிருப்பேன்தான்.

"அக்கா என்னை விட்டுக்கொடுத்துட்டா மாமா" என்றான். "சின்ன வயசுல ஒருத்தன் என்னை அடிச்சா, அக்காதான் குறுக்க வந்து நிப்பா. இப்ப உங்க மேல அடி விழக் கூடாதுன்னு என்னைக் குறுக்க நிறுத்திட்டா. உங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது." சொல்லும்போது கண் கலங்கிவிட்டது அவனுக்கு. கோர்ட்டுக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவன் இந்த எரிச்சலோடுதான் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நான் என் எரிச்சலோடு டவல் மடித்திருக்கிறேன்.

 இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீ அன்று போனில் அழுததற்குக் காரணம் புரிந்தது.

அன்புடன்,
உன் கணவன்


அன்பு மனைவிக்கு,

நலம். சமரசம் முடிந்தது. கதவு இன்று திறந்திருக்கிறது. மகள் காலையில் முன்பக்கமாகவே பள்ளிக்கூடம் போனாள். சந்தைத் தாண்டித் தெருவுக்குப் போனவள் மறுபடி உள்ளே வந்து, இன்னொரு முறை வெளியே போனாள். ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது.

சமரச மையம் என்பது ஒரு வட்ட மேஜையும் நாலைந்து நாற்காலிகளும் போட்ட அறை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். பொறுமைசாலி. அண்ணன் உள்ளே வந்ததும், "அவன் இருந்தா நான் பேசமாட்டேன், என் தம்பிகூடத்தான் பேசுவேன்" என்றார். உன் தம்பி மறுபேச்சில்லாமல் எழுந்து வெளியே போய் நின்றான். கண்ணாடிக் கதவு வழியாக அவன் முதுகு தெரிந்தது. அண்ணன் பேசினார். கடையில் சரக்கு வைக்க இடமில்லை என்றார். நம் வீட்டுக்கு மாடி வந்த பிறகு நான் முன்பக்கம் அவரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றார். "பொண்டாட்டி சம்பாத்தியம் வந்ததும் அண்ணன் வீடு சந்தாயிடுச்சு இவனுக்கு" என்றார். அவருக்கும் எரிந்திருக்கிறது. நம் வீட்டு மாடியைப் பார்த்துத்தான் அந்தக் கதவைப் போட்டாரோ என்னவோ. நான் அவரைக் கேட்கவில்லை.

ஸ்கூட்டர் தாராளமாகப் போகிற அகலத்துக்கு வழி விடுவது, சரக்கை அதில் வைப்பதில்லை, கதவு இருக்கலாம், சாவி இரண்டு வீட்டிலும் இருக்கும் என்று எழுதினார்கள். இனி யார் வீட்டை விற்றாலும் இந்த வழி வழியாகவே இருக்குமாம். உன் பெயருக்கு நேரே உன் தம்பிதான் கையெழுத்துப் போட்டான். நான் கீழே சாட்சி என்ற இடத்தில் போட்டேன். அங்கேயும் அவன் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது.

இதோடு நிறுத்தினால் நல்ல கடிதமாக இருக்கும். ஆனால் நேற்று ஒன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

நட்டு போல்ட் வாங்க அண்ணன் கடைக்குப் போயிருந்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு போகிறேன். அவரும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். கடையில் தெருக்காரர்கள் நாலுபேர் இருந்தார்கள். அவர்களிடம் அண்ணன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: என் தம்பி பசு மாதிரி, அவனுக்கு ஒன்றும் தெரியாது, இடையில் ஒருத்தன் வந்து கேஸ் போட வைத்தான், அந்தப் பயல் இந்தத் தெருப்பக்கம் வந்தால் காலை உடைப்பேன். எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் போதும். எல்லாருக்கும் நான் நல்லவன். நீ ஆசைப்பட்டதும் அதுதான்.

"அவன் இல்லண்ணா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "அவன் இல்லண்ணா. கேஸ் போட்டது நாங்க. அவ சொன்னா, நானும் சரின்னேன். வக்கீலுக்கு எல்லாத்தையும் சொன்னதே நான்தான். அன்னிக்குக் கூண்டுல சொல்ல வாய் வரல. நீங்க பூட்டினது தப்புண்ணா. எம் பொண்ணு சாக்கடைல நடந்தா."

அண்ணன் தராசிலிருந்த நட்டுகளை அப்படியே டப்பாவில் திரும்பக் கொட்டினார். "கடை மூடற நேரமாச்சு" என்றார். நல்ல வெயில் வெளியே. நான் எழுந்து வந்தேன். இன்று காலை சந்து வழியாகப் போகும்போது அவர் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நாளைக்கும் கேட்க மாட்டார். கேட்கும்போது கேட்கட்டும். கதவு மட்டும் திறந்தே இருக்கிறது.

உன் தம்பிக்குப் போன் செய்து இதைச் சொன்னேன்.  "எதுக்கு மாமா இதெல்லாம், அக்கா பட்ட பாடு வீணாயிடுச்சே" என்றான். பிறகு, "தேங்க்ஸ் மாமா" என்றான். அடுத்த விடுமுறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முன்பக்கமாகவே வரச் சொல்லியிருக்கிறேன், நான் கூட வருகிறேன் என்று.

இதனால் அவன்மேல் எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அதிகமாகிவிட்டது. முன்பு உன் பெயருக்கு அவன் கையெழுத்துப் போடுகிறானே என்றுதான் எரிந்தது. இப்போது, உனக்காக நடுத்தாழ்வாரத்தில் நின்று அவ்வளவு திட்டையும் வாங்கிக்கொண்டானே, அந்த இடத்தில் நான் இல்லையே என்று எரிகிறது. எவ்வளவு யோசித்தாலும் அதில் அவனை என்னால் முந்த முடியாது. கடையில் அண்ணனிடம் நான் வாங்கிக்கொண்ட கோபம் அதில் கால்வாசி இருக்கும்.

பவரை ரத்து செய்ய வேண்டாம். வக்கீல் அம்மா கேட்டார், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் தம்பியே வைத்திருக்கட்டும். பத்திரம், கையெழுத்து, கோர்ட்டில் எழுந்து நிற்பது எல்லாம் அவனே பார்க்கட்டும், அவனுக்கு நன்றாக வருகிறது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நீ அங்கே தனியாக, யாரிடமும் சொல்லாமல், எனக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை. இனிமேல் நம் வீட்டுக்காக யாராவது கெட்டவராக வேண்டியிருந்தால், என்னைக் கேட்காமல் அதை வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே. நல்ல பெயரை நீங்கள் அக்காளும் தம்பியும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். உன்னோடு சேர்ந்து கெட்டவனாக இருக்கிற உரிமையை மட்டும் எனக்கு விட்டுவிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் லீவு கேள்.

அன்புடன்,
உன்னவன்